ஒரு மிடறு தண்ணீர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியும் வலக்கை எழவில்லை, பேச்சு திரும்பவில்லை, தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது, ஆகவே குழாய் வழியாகவே உணவு கொடுத்துவிடலாம் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பள்ளி நாட்களில் எனக்கும் சேர்த்துச் சோறு பிசைந்து உருண்டை போட்ட கை அது. விழுங்கவும் பேசவும் இயலாமல் போனவர்களோடு முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

தொண்டையில் காற்றுக்கும் உணவுக்கும் ஒரே முற்றம். அதைத் தாண்டிய பிறகுதான் வழி பிரிகிறது. விழுங்குகிற அந்த ஒரு நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலேறி, குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. அப்பாவின் தொண்டைச் சங்கின் மேல் உன் இரண்டு விரல்களை மெதுவாக வைத்து, அவர் எச்சில் விழுங்கும்போது பார்: அது விரலைத் தாண்டி மேலே ஏறி இறங்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த ஏற்றம் தாமதமாகிறது; தண்ணீரோ தாமதத்தைப் பொறுப்பதில்லை. அதிலும் நம் ஊரில் டம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம், மூச்சை அடக்கத் தெரிந்த தொண்டைக்கே உரியது. தலை பின்னால் சாயும்போது, வழி மூடுவதற்கு முன்பே தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அதை இன்றோடு நிறுத்திவிடு. ரசம் சாதமும் வேண்டாம். நீரும் பருக்கையுமாகச் சேர்ந்து வருவதைச் சமாளிப்பது அவர் தொண்டைக்கு மிகக் கடினம்.

புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டுவோமே, அந்த இருமல் மூச்சுக்குழாய்க்குக் காவல். பக்கவாதம் வந்தவர்களில் கணிசமானோருக்கு அந்த இருமலே வராமல் தண்ணீர் நுரையீரல் பக்கம் நழுவுகிறது. தொண்டையைத் தொட்டால் குமட்டுகிறது, ஆகவே பயமில்லை என்று யாரோ உன்னிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை நம்பி இராதே. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள 140 பேரைச் சோதித்தபோது 37 விழுக்காட்டினருக்கு அந்தக் குமட்டல் இல்லை. அவர்கள் நன்றாகவே விழுங்கினார்கள். குமட்டல் வேறு, விழுங்குதல் வேறு. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த உணவைக் கொடுத்து ஓடும் எக்ஸ்ரேயில் பார்ப்பது, அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது, இரண்டில் ஒன்றைச் செய்யாமல் குழாயைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம்.

தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இதை எழுதும்போது ஒரு முதியவரின் முகம் நினைவுக்கு வருகிறது. நான் பணியில் சேர்ந்த புதிதில், அவர் குடிக்கும் எல்லாவற்றையும் கூழ் பதத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவர் இரண்டு வாய்க்கு மேல் குடிக்க மறுத்தார். பத்தே நாளில் நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, குழப்பத்தோடு மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார். அந்தத் தவறு இன்னும் என்னை உறுத்துகிறது. பின்னால் 2008இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வைப் படித்தபோது மனம் கனத்துப்போயிற்று. நினைவிழப்போ பார்க்கின்சன் நோயோ உள்ள 515 பேரில் ஒரு சாராருக்குக் கெட்டியான பானமும், மற்றவர்களுக்கு மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்திக் குடிக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் நுரையீரல் அழற்சி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது: கெட்டியாகக் குடித்தவர்களில் 11.6 விழுக்காடு, தாழ்த்திக் குடித்தவர்களில் 9.8. நீர்ச்சத்துக் குறைவோ கெட்டியாகக் குடித்தவர்களிடம் 6 விழுக்காடு, மற்றவர்களிடம் 2. சிலருக்குக் கெட்டிப் பானம் உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் அதையே எழுதிக் கொடுக்க இனி என் கை வராது.

அப்படியானால் நிமோனியா என்கிற அந்த நுரையீரல் அழற்சி எதனால் வருகிறது? அமெரிக்காவில் முதியோர் 189 பேரைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியான ஆய்வு, பிறர் ஊட்டி உண்பதையும், பல் துலக்கப் பிறரை நம்பியிருப்பதையும், சொத்தைப் பற்களையும் முன்வரிசையில் வைத்தது. குழாய் உணவும் அந்தப் பட்டியலில் இருந்தது. எச்சிலையும் அதிலுள்ள கிருமிகளையும் குழாய் தடுப்பதில்லை அல்லவா? ஜப்பானிய முதியோர் இல்லங்களில் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் வாயைச் சுத்தம் செய்து இரண்டாண்டு பார்த்தார்கள். அப்படிச் செய்யாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும், செய்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் நிமோனியா வந்தது. ஆகவே காலையில் மட்டும் அல்லாமல் ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் மென்மையான தூரிகையால் பல்லையும் நாக்கையும் துலக்கிவிடு. பலமிழந்த வலப்பக்கக் கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார். மதியச் சோறு மாலைவரை அங்கேயே தங்கியிருக்கும், அவருக்கு அது தெரியாது. கரண்டியை அவர் இடக்கையிலேயே கொடுத்து, உன் கையால் அதைத் தாங்கிக்கொள். தன் கையால் வாய்க்குக் கொண்டுபோகும்போது தொண்டையும் ஆயத்தமாகிறது.

இனி அவர் பேச்சைப் பற்றி. தண்ணீர் கேட்க வராத வாய், முருகன் பாட்டை மட்டும் முழுதாகப் பாடுகிறது என்று வியந்திருந்தாய். பாட்டு, எண்ணிக்கை, வணக்கம் ஆகியவை பழக்கத்தில் ஊறியவை. சொல்லைத் தேடி எடுக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. பேச்சு போனதால் அறிவும் போய்விட்டது என்று அண்ணன் சொன்னாராம். அது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஐதராபாத்தில் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களில் 19.6 விழுக்காட்டினருக்கும், பல மொழி தெரிந்தவர்களில் 40.5 விழுக்காட்டினருக்கும் அறிவுத்திறன் பழுதின்றி இருந்தது. பேச்சிழப்பு மட்டும் இரு சாராரிடமும் ஒரே அளவில் இருந்தது. விஜயவாடாவில் ரயில்வே வேலை பார்த்து இருபது ஆண்டு தெலுங்கில் வாழ்ந்தவர் உன் அப்பா. அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேள். தெலுங்கிலும் கேட்டுப் பார். மோவாயைத் தாழ்த்தச் சொல்லிக் கொடுத்து, அதை மறுநாளும் நினைவில் வைத்திருக்கிறாரா என்று கவனி. அது நினைவில் நின்றால்தான் அந்தப் பயிற்சியால் பயனுண்டு.

இந்த வாரம் முழுவதும் மாலையில் காய்ச்சல் வருகிறதா, குடித்த பின் குரல் நீர் கோத்தாற்போல் களகளக்கிறதா, எடை குறைகிறதா என்று குறித்து வை. காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் என் பதிலுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துப் போ. பதினைந்தாம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு மிடறு தண்ணீர் நானே கொடுத்துப் பார்க்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் தோழி