விவாதத்துக்கு உரிய கேள்வி எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூகச் சிக்கல்களையும், மக்கள் கருத்து வேறுபட்டு நிற்கும் கேள்விகளையும் வகுப்பறையில் பேசலாமா என்பது குறித்து உங்கள் வாசகர் பகுதியில் வெளிவந்த கடிதங்களைப் படித்தேன். ஆசிரியர் தம் கருத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிடுவார் என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். பள்ளியில் பேசாததைப் பிள்ளைகள் கைப்பேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்கிறார்கள் மறுசாரார். இரண்டு அச்சங்களிலும் நியாயம் உண்டு. ஆனால் எதை விவாதத்துக்கு வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று பிரித்தறிவது எப்படி என்ற கேள்வியை இரு சாராருமே கடந்து போய்விடுகிறார்கள். சமூக அறிவியல் ஆசிரியராக இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, அதில்தான் முழுச் சிரமமும் இருப்பதாகத் தோன்றுகிறது.

நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் ‘தடுப்பூசி தேவையா?’ என்று எழுதி, வகுப்பை இரண்டாகப் பிரித்து, வாதிடச் சொன்னேன். எதிர்த்துப் பேசிய அணியில் நாவன்மை மிக்க பையன் ஒருவன் இருந்தான். கைதட்டலை எல்லாம் அவனே அள்ளிக்கொண்டான். வகுப்பு இவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறதே என்று நானும் பூரித்துப்போனேன். மணி அடித்தபின் மூன்றாம் வரிசை மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “அப்போ ஊசி போட்டுக்காம இருந்தாலும் தப்பில்லையா சார்?” என்று கேட்டாள். பிழை அந்தப் பையனின் பேச்சில் இல்லை, நான் பலகையில் எழுதிய வாக்கியத்தில் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அதைச் சாத்தியமாக்கியது தடுப்பூசி. நாவன்மையால் வென்றோ தோற்றோ மாறக்கூடிய செய்தி அல்ல அது.

மறுநாள் அதை அழித்துவிட்டு, ‘தடுப்பூசியைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கலாமா?’ என்று எழுதினேன். 1853-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டதையும், பல்லாண்டு எதிர்ப்புக்குப் பின் 1898-இல் மனசாட்சியின் பேரில் மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளிக்கப்பட்டதையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். முந்தைய நாள் கைதட்டல் வாங்கிய பையன் அன்று திணறினான். தனி மனிதரின் உடல்மீது அரசுக்கு எவ்வளவு உரிமை உண்டு, ஒருவர் மறுப்பதால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து வந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். இவற்றுக்கு என்னிடமும் ஆயத்த விடை இல்லை. பொருள் ஒன்றுதான், ஆனால் முதல் கேள்வி சான்றுகளால் முடிந்துபோனது, இரண்டாவது, அறிவும் நேர்மையும் உள்ளவர்களே எதிரெதிர் பக்கம் நிற்கக்கூடியது.

இந்த வேறுபாட்டை மறந்தால் ‘சமநிலை’ என்ற நல்ல சொல்லே கெட்டுவிடும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மனிதப் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக 1925-இல் ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதைப் பலரும் அறிவார்கள். அதன்பின் நடந்ததே எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. லூசியானா மாநிலம் 1981-இல் இயற்றிய சட்டம் பரிணாமத்தைத் தடைசெய்யவில்லை. அதைக் கற்பித்தால், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்ற நம்பிக்கையை அறிவியலாக முன்வைக்கும் ‘படைப்பு அறிவியல்’ என்பதையும் உடன் கற்பிக்க வேண்டும் என்றது. அதற்குச் சமநிலைச் சட்டம் என்றே பெயர். மத நோக்கம் கொண்டது என்று கூறி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் அதைச் செல்லாததாக்கியது. வாயை அடைக்கும் தடையைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடலாம். நடுநிலை வேடத்தில் வருவதைக் கண்டுகொள்வதற்குத்தான் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

ஜெர்மனியில் அரசியல் கல்வியாளர்கள் தங்களுக்குள்ளேயே பிளவுபட்டிருந்த காலத்தில், 1976-இல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடிப் பேசினார்கள். வாக்கெடுப்பும் கையெழுத்தும் இல்லாமல், கலந்துகொண்ட ஒருவர் பின்னர் தொகுத்து எழுதிய மூன்று கருத்துகளே அந்நாட்டில் இன்றுவரை அரசியல் பாடத்துக்கு அடித்தளமாக நிற்கின்றன. ஆசிரியர் தம் கருத்தால் மாணவரை அமுக்கிவிடக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையில் இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்கப்பட வேண்டும். மாணவர் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து அறியும் திறன் பெற வேண்டும். இவற்றுள் இரண்டாவதைப் பலர் பாதியோடு படித்து நிறுத்திவிடுகிறார்கள். சர்ச்சையில் இருப்பதைச் சர்ச்சையாக வை என்றால், சர்ச்சையில் இல்லாததை அப்படிக் காட்டாதே என்பதும் அதற்குள் அடங்கியதுதானே.

ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லலாமா என்ற கேள்விக்கும் வருகிறேன். இங்கிலாந்தில் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1967-இல் தொடங்கிய பாடத்திட்ட ஆய்வு, ஆசிரியர் ஒரு பட்டிமன்ற நடுவரைப்போல்கூடத் தீர்ப்புச் சொல்லாமல், கூட்டத்தை நடத்தித் தரும் நடுநிலைத் தலைவராக மட்டும் இருக்க வேண்டும் என்றது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மாணவர் நேராகக் கேட்டால், விவாதம் முடிந்தபின், இது என் கருத்து மட்டுமே என்று சொல்லிப் பதிலளிப்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். தமிழில் உங்களையும் எங்களையும் ஆசிரியர் என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். செய்தியையும் தலையங்கத்தையும் ஒரே பத்தியில் கலக்காமல் இருக்க நீங்கள் படும் பாட்டைத்தான் நாங்களும் வகுப்பில் படுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வறுமையைப் பற்றியோ குடிநோயைப் பற்றியோ பேசும்போது, அதை வீட்டில் அனுபவிக்கும் பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ‘நீ சொல்லேன்’ என்று அந்தப் பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதைவிடக் கொடுமை வேறில்லை. நான் எல்லோரையும் பெயரில்லாத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்வேன். அவற்றை உரக்கப் படிக்காமல், அவற்றிலிருந்து எழும் பொதுக் கேள்வியை மட்டும் பலகையில் எழுதுவேன். வறுமைக்குக் காரணமும் தீர்வும் என்ன என்பது விவாதம். ஏழைப் பிள்ளை மற்றவருக்குச் சமமா என்பது விவாதம் ஆகாது. மனிதர் அனைவரும் மதிப்பிலும் உரிமையிலும் சமம் என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் அதன் முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டது.

இவ்வளவும் கைகூடினாலும் தேர்வுத்தாள் அனைத்தையும் கவிழ்த்துவிடும். பெற்றோருக்கு விவாதத் தலைப்பையும் படிக்கத் தரும் பகுதிகளையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டால் புகார்களில் பாதி எழாது என்பது என் அனுபவம். விடைக்குறிப்பு தயாரிப்பவர்களிடம்தான் என் வேண்டுகோள் செல்லுபடியாவதில்லை. கருத்தைக் கேட்கும் வினாவுக்கு, எடுத்த பக்கத்துக்காக அல்லாமல் காட்டிய காரணங்களுக்காகவும், எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கூறி மறுத்ததற்காகவும் மதிப்பெண் தர வேண்டும் என்று குறிப்பிலேயே எழுத வேண்டும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்கலாமா என்ற வினாவுக்கு, ‘கூடாது’ என்பதற்கான காரணங்கள் மட்டுமே விடைக்குறிப்பில் இருந்தன. ‘குறைக்கலாம்’ என்று எழுதி, 2007-இல் ஆஸ்திரியா அவ்வாறு குறைத்ததையும் சான்றாகக் காட்டிய மாணவனுக்கு ஐந்துக்கு ஒன்றுதான் கிடைத்தது. அவனுக்காக நான் வாதாடியும் பலனில்லை. ஆண்டுத் தேர்வில் அதே வினா மீண்டும் வந்தது. அவன் ‘கூடாது’ என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்