பயிரிடும் பெண்கள் குழுக்களுக்குப் பருவப் பயிர்ச் சான்று வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கூட்டுப் பொறுப்புக் குழுக்களாகச் சேர்ந்து விவசாயம் செய்யும் குடும்பஸ்ரீ (கேரள அரசின் பெண்கள் வறுமை ஒழிப்பு இயக்கம்) பெண்கள்,
எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துகள்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம், சிவில் ஸ்டேஷன், பாலக்காடு.

நகல்: முதன்மை வேளாண் அலுவலர், பாலக்காடு, குடும்பஸ்ரீ மாவட்ட மிஷன், பாலக்காடு.

பொருள்: நிலம் தம் பெயரில் இல்லாமல் பயிரிடும் பெண்களுக்கு, கரம் (நிலவரி) கட்டிய ரசீதுக்குப் பதிலாக ஏற்கத்தக்க பயிர்ச் சான்றைக் கிருஷி பவன் (பஞ்சாயத்து வேளாண் அலுவலகம்) வழியாக வழங்குதல், அதனோடு சேர்ந்த சில கோரிக்கைகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த மனுவைத் தமிழில் தருகிறோம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் இடம் கொடுக்கிறது. பதிலும் தமிழில் கிடைத்தால் குழுவில் எல்லோரும் உட்கார்ந்து படித்துக்கொள்ள முடியும்.

சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், பாலக்காட்டுக் கணவாயின் மழை குறைந்த இந்தப் பகுதியில், ஆள் இல்லாமலும் ஆர்வம் இல்லாமலும் விடப்பட்ட நிலங்களைப் பெண்கள் குழுக்கள் எடுத்து நெல்லும் நிலக்கடலையும் காய்கறியும் நேந்திரன் வாழையும் செய்துவருகின்றன. 4 முதல் 10 பேர் வரை கொண்ட கூட்டுப் பொறுப்புக் குழு என்பது நபார்டு வங்கியின் வழிகாட்டுதலில் குடும்பஸ்ரீ நடத்தும் ஏற்பாடு. குழுவுக்குப் பதிவு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, மினிட்ஸ் புத்தகம் உண்டு. எந்த நிலத்தில் பயிர் நிற்கிறதோ அந்த நிலத்துக்கும் குழுவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல மட்டும் ஒரு தாளும் கிடையாது. எங்கள் கோரிக்கை முழுவதும் அந்த ஒரு தாளைப் பற்றியதுதான்.

தாள் இல்லாததற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969 திருத்தத்துக்குப் பின், 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை முடித்துவைத்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்தது. எத்தனையோ குடும்பங்கள் அதனால் தலை நிமிர்ந்தன. அந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு புதிதாகக் குத்தகை உண்டாக்குவதைத் தடை செய்கிறது. அந்தத் தடையை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இன்று நடப்பதையும் தாங்கள் பார்க்க வேண்டும். நிலம் வாய்ச்சொல்லில் கைமாறுகிறது. பாட்டப் (குத்தகை) பணம் ரொக்கமாகப் போகிறது, ரசீது கிடையாது. ஒரு கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும் என்ற பயம் உரிமையாளர்களுக்கு இன்னும் தீரவில்லை. அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1970-இல் குத்தகைக்கு இருந்தவர்களுக்குத்தானே நிலம் போனது!

இதன் விளைவைக் கிருஷி பவன் மேசையில் பார்க்கலாம். விதை மானியமா, ஜிப்சமா, பயிர்க் காப்பீடா, அரசின் சப்ளைகோ நிறுவனத்தில் நெல் கொள்முதல் பதிவா, காட்டுப்பன்றி தோண்டிய வயலுக்கு நஷ்டஈடா, எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் முதலில் கேட்கும் தாள் நடப்பாண்டுக் கரம் கட்டிய ரசீதுதான். படிவத்தில் தண்டப்பேர் எண் (நிலவரிக் கணக்கு எண்) என்ற கட்டம் இருக்கும். பயிர் செய்தவள் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வருகிறாள். பாட்டத்துக்கு எடுத்துச் செய்பவருக்கென்று இடம் ஒதுக்கிய படிவங்களிலும் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். சம்மதக் கடிதம் என்ற பேச்சு வந்தாலே, அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது. ஆகவே குழுக்கள் கேட்பதையே விட்டுவிடுகின்றன, அல்லது எல்லாவற்றையும் உரிமையாளர் பெயரிலேயே பதிந்துவிடுகின்றன. நெல் பதிவு அவர் பெயரில் இருந்தால் நெல் விலையும் அவர் கணக்குக்குத்தான் போகும். வெள்ளத்துக்கோ வறட்சிக்கோ நஷ்டஈடு வந்தாலும் அப்படியே. கடன் மட்டும் குழுவின் தலையில் நிற்கும், அதுவும் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டிய கூட்டுப் பொறுப்பாக.

குழுவில் இல்லாமல் தங்கள் குடும்ப நிலத்திலேயே பாடுபடும் பெண்களுக்கும் இதே நிலைதான். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பெண்கள் கையில் இருக்கும் பயிரிடும் நில அலகுகள் 13.96 விழுக்காடு மட்டுமே. கணவர் வெளியூரில் கூலிக்குப் போயிருக்க, களை எடுப்பது முதல் அறுவடை வரை பார்ப்பவள் மனைவி. ரசீதில் இருப்பதோ மாமனார் பெயர். அவளும் அதிகாரிக்கு முன்னால் விவசாயி ஆக மாட்டாள்.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது: நிலத்துக்கு அல்ல, பயிருக்கு ஒரு சான்று தாருங்கள். அதில் இருக்க வேண்டியவை குழுவின் பதிவு எண் அல்லது பெண்ணின் பெயர், சர்வே எண், பரப்பு சென்ட் கணக்கில், பயிர், விதைத்த அல்லது நட்ட நாள், அறுவடை எதிர்பார்க்கும் நாள், வயலில் எடுத்த இடக்குறியீட்டுடன் கூடிய ஒரு படம், கிருஷி அலுவலரின் கையெழுத்து. அறுவடையோடு சான்று காலாவதியாகிவிட வேண்டும். நெல்லுக்கு 4 அல்லது 5 மாதம், நேந்திரனுக்கு 11 மாதம் என்று பயிருக்கேற்ப அமையட்டும். “இச்சான்று நிலத்தின் மீது குத்தகை உரிமையோ அனுபோக உரிமையோ தராது” என்ற வரி தலைப்பிலேயே தடித்த எழுத்தில் அச்சாகட்டும். 74-ஆம் பிரிவுக்கு இதனால் பங்கம் வராது, உரிமையாளருக்கும் பயப்பட ஒன்றும் இருக்காது.

இதில் ஒரு நுணுக்கம் தவறினால் முழு ஏற்பாடும் வீணாகிவிடும் என்பதால் அழுத்திச் சொல்கிறோம்: உரிமையாளரின் கையெழுத்தை நிபந்தனை ஆக்க வேண்டாம். ஆந்திரம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 2011-ஆம் ஆண்டின் சட்டம் பயிரிடுவோருக்குக் கடன் தகுதி அட்டை கொடுத்தது. உரிமையாளர் கையெழுத்து தேவைப்படவில்லை. 2019-இல் வந்த பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் 11 மாத அட்டை தந்தது, ஆனால் உரிமையாளர் சம்மதத்தைக் கேட்டது. கையெழுத்துக்காக அலைந்தே பலர் அட்டை இல்லாமல் நின்றார்கள். இங்கே அதற்குப் பதிலாக, விண்ணப்பத்தை வில்லேஜ் ஆபீஸ் பலகையிலும் பஞ்சாயத்துப் பலகையிலும் 7 நாள் ஒட்டிவைத்தால் போதும். ஆட்சேபம் சொல்பவர் “இந்தப் பயிரை இந்தக் குழு செய்யவில்லை” என்று மட்டுமே சொல்ல முடியும் என்று வரையறுத்துவிடலாம். பயிர் கண்ணெதிரே நிற்கிறது. வயலுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நாள் கணக்கும் முக்கியம். விதைத்த 15 நாட்களுக்குள் சான்று கைக்கு வர வேண்டும். காப்பீட்டில் சேரும் கெடு நட்ட சில வாரங்களோடு முடிந்துவிடும். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 45-ஆம் நாள், மண் அணைக்கும்போது போட வேண்டும். விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு கொத்தினால் காய் பிடிக்காது. 60-ஆம் நாள் வந்து சேரும் ஜிப்ச மூட்டையால் யாருக்கும் பயனில்லை.

வங்கிகளைப் பொறுத்தவரை புது விதி எதுவும் தேவையில்லை. கிசான் கிரெடிட் கார்டு விதிகளில் குத்தகை விவசாயிகள், வாய்மொழிக் குத்தகைக்காரர்கள், கூட்டுப் பொறுப்புக் குழுக்கள் எல்லோரும் தகுதியுள்ளவர்கள் என்றே எழுதியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் சொல்லிவிட்டது. கிளையில் கேட்டால், “நீங்கள்தான் பயிரிடுகிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் குழுவுக்குத் தாங்கள் தலைவர். அடுத்த கூட்டத்தில் இந்தச் சான்றை ஆதாரமாக ஏற்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது கோரிக்கை, நிலம் கையில் நிற்கும் காலம் பற்றியது. தரிசைத் திருத்துவது என்றால் என்ன வேலை என்பதைச் சொன்னால்தான் 3 ஆண்டு ஏன் கேட்கிறோம் என்பது விளங்கும். பல ஆண்டு கிடந்த நிலத்தில் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மேலே தெரிவது; வெட்டி வேரோடு பிடுங்கினால் போகும். கோரைதான் தொல்லை. அதன் கிழங்கு ஒரு சாண் ஆழத்துக்கும் கீழே சரம் சரமாகக் கோத்துக் கிடக்கும். மேலே அறுத்தால் பத்து நாளில் திரும்ப முளைக்கும். கோடையில் இரண்டு மூன்று முறை உழுது, கிழங்கை வெயிலில் புரட்டிக் காயவிட்டுப் பொறுக்க வேண்டும். அப்படியும் ஒரு கோடையில் தீராது. பிறகு பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் பருவத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழ வேண்டும். தொழுவுரம் அடிக்க வேண்டும். வரப்புக் கட்ட வேண்டும். இத்தனையும் செய்த முதல் ஆண்டில் விளைச்சல் கைக்கும் வாய்க்குமே சரியாக இருக்கும். போட்ட பாடு திரும்புவது இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான். ஆனால் நிலம் முகம் தெளிந்ததும் உரிமையாளர் திருப்பிக் கேட்கிறார், அல்லது பாட்டத்தை ஏற்றுகிறார். குழு மறுபடி வேறொரு உண்ணிக்காட்டில் போய் நிற்கிறது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. பொருளாதார அறிஞர் பினா அகர்வால் ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் பெண்கள் குழுக்களைத் தனி விவசாயிகளோடு ஒப்பிட்டபோது, ஹெக்டேருக்கான ஆண்டு உற்பத்தி மதிப்பில் குழுக்கள் 1.8 மடங்கு முன்னால் நின்றன. நெல்லில் மட்டும் அந்த அளவுக்கு வரவில்லை. நல்ல வயலை யார் பாட்டத்துக்கு விடுவார்கள்? குழுக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கழித்துப் போட்ட நிலம்தான்.

2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் தரிசு நெல்வயலைப் பயிரிடச் செய்ய வழி வைத்திருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் தலைமையிலும் கிருஷி அலுவலர் அமைப்பாளராகவும் உள்ள உள்ளூர்க் கண்காணிப்புக் குழு, வார்டு வாரியாகத் தரிசு வயல் பட்டியலை ஏப்ரல் மாதத்துக்குள் வெளியிட்டு, பெண்கள் குழுக்களுக்கு முதல் வாய்ப்புக் கொடுக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். ஏப்ரல் என்று சொல்வது முதல் போக நாற்றங்காலுக்கு முன் உழவு முடிய வேண்டும் என்பதால். ஆனால் எருத்தேன்பதியிலும் வடகரப்பதியிலும் தரிசாகக் கிடப்பதில் பெரும்பங்கு புன்செய்க் காடு. நெல்வயல் சட்டம் அதைத் தொடாது. அங்கே பஞ்சாயத்தே இடையில் நின்று, உரிமையாளரிடம் 3 ஆண்டுக்கு நிலத்தைப் பொறுப்பேற்று, குழுவிடம் ஒப்படைத்து, முடிவில் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். பஞ்சாயத்து நடுவில் இருந்தால் உரிமையாளரும் துணிந்து கொடுப்பார்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளித்த மண்ணுக்கு உரிய கும்மாயம் (சுண்ணாம்பு) எங்கள் கரிசலுக்கு வேண்டாம். இங்கே மண்ணில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே அதிகம், குறைவது துத்தநாகம். மண் பரிசோதனை பார்த்து, கும்மாயத்துக்கான தொகையில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் கொடுத்தால் நெற்பயிர் மஞ்சள் பூக்காது.

தண்ணீர் விஷயத்தில், பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. பற்றி அரசுகள் பேசிக்கொள்ளட்டும். வாய்க்காலில் வந்த தண்ணீருக்கு முறை வைக்கும் பாடசேகர சமிதியில் (வயல் விவசாயிகள் சங்கத்தில்), பயிர்ச் சான்று உள்ள ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாக்கு வேண்டும். இல்லாவிட்டால் கடைமடையும் நடுராத்திரி முறையும்தான் பெண்களுக்கு மிஞ்சுகிறது.

கடைசியாக, நிலத்தில் பெயர். 2005 திருத்தத்துக்குப் பின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளும் மகனும் சமம். ஆனால் அப்பா இறந்த பின், போக்குவரவுக்கு (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றத்துக்கு) முன்னாலேயே, மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பத்திரம் மலையாளத்தில் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் படித்தவளுக்கு அதில் அவள் பெயர்கூடப் படிக்கத் தெரியாது. போக்குவரவு நோட்டீசை வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தமிழில் அனுப்பவும், விடுதலைப் பத்திரத்தைப் பதியும் முன் சார்பதிவாளர் அதன் பொருளையும் விட்டுக்கொடுக்கும் பரப்பையும் தமிழில் படித்துக் காட்டவும் உத்தரவு வேண்டும். புதிதாகக் கொடுக்கும் பட்டயங்களில் (பட்டாக்களில்) கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு மணமானவர்களுக்குக் கூட்டாகத்தான் உரிமையைப் பதியச் சொல்கிறது. காட்டுக்குள் நடப்பது ஊருக்குள்ளும் நடக்கலாம்.

பயிர்ச் சான்றை முதலில் ஒரே ஒரு பஞ்சாயத்தில், வரும் இரண்டாம் போகத்தில் நடத்திப் பார்க்கலாம். அதற்கு வேண்டிய குழுப் பட்டியல், ஒவ்வொரு குழுவும் செய்யும் நிலத்தின் பரப்பு, பயிர் விவரம் ஆகியவற்றை அயல்கூட்ட (குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கக் குழு) வாரியாக எழுதி, பஞ்சாயத்து அளவிலான குடும்பஸ்ரீ அமைப்பான சி.டி.எஸ். அலுவலகம் வழியாகத் தருகிறோம். கிருஷி அலுவலரும் வில்லேஜ் அலுவலரும் வயலுக்கு வரும் நாளைச் சொன்னால் குழுவினர் அங்கே நிற்போம். இரண்டாம் போக நாற்று செப்டம்பரில் பாவ வேண்டியிருப்பதால், ஆகஸ்ட் மாதத்துக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துகளின் கூட்டு விவசாயக் குழுப் பெண்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)