விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வி குறித்து

பினாங்கில் ஆண்டுதோறும் சோதனை மின்னணு இசை இரவை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்வி, படைப்புக்குப் பார்வையாளர்கள் ஆட முடியுமா என்று கேட்கிறது. சென்ற ஆண்டு "முடியாது" என்று எழுதினேன். தாளம் சேர்த்துக்கொண்டு மறுபடி வரும்படி பதில் வந்தது. பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் இடையே ஓடிய பழைய பெர்ரிப் படகின் எந்திர முழக்கத்தைச் சுருதிப் பெட்டியின் ஒலியோடு மெல்ல இழைத்த இருபது நிமிடப் படைப்பு அது. அதன் அடியில் ஒரு தாளத்தை ஓடவிட்டால் எந்திரத்துக்குள் கேட்கும் நுண்ணிய நடுக்கங்கள் அத்தனையும் மறைந்துபோகும் என்பதால் நான் மறுபடி வரவில்லை.

ஆட்டத்தை நான் தாழ்வாக எண்ணவில்லை. 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிபி-303 என்ற சிறு கருவி, தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞருக்குப் பேஸ் எனும் தாழ்ந்த ஒலித் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டு, விலைபோகாமல் சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. பழைய பொருளாக அது கைக்கு வந்தபோது, சிகாகோ இளைஞர்கள் ஒலி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்ததில் பிறந்ததுதான் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு ஆட்ட இசை. இப்படி ஒலிக்கும் என்று கருவியைச் செய்தவர்களே எண்ணியிருக்கவில்லை. அதற்கும் வெகு முன்னால், 1948இல், பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் இரயில் ஓசைகளை இசைத்தட்டுகளில் பதிந்து, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பார்த்தார். இன்று உங்கள் மேடையில் டிஜேக்கள் லூப் என்று சொல்வதை அவர் அன்றே கையாண்டார். ஏழாவது கேள்வியை அன்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் அவரும் "முடியாது" என்றுதான் எழுதியிருப்பார்.

நம் மக்களுக்குத் தாளத்துக்கு வெளியே நின்று கேட்கும் பழக்கம் இல்லை என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் உறுமி மேளத்தைக் கவனியுங்கள். ஒரு முகத்தில் விழும் அடி காலை அசைக்கிறது. மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமலோ எந்தக் கணக்கிலும் அடங்காமல் நெஞ்சுக்குள் இறங்குகிறது. காவடி எடுப்பவர் இரண்டுக்கும் சேர்ந்தே ஆடுகிறார். பக்கத்தில் கைகூப்பி நிற்கும் என் அம்மா ஆடுவதில்லை, ஆனால் அந்த உறுமலில் அவர் கண் கலங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நாகசுரக் கலைஞர் தாளமே இல்லாமல் தோடி ராகத்தை நெடுநேரம் விரித்து ஆலாபனை செய்யும்போது, ஆட முடியவில்லை என்று யாரும் எழுந்து போவதில்லை.

மண்டப வாடகை உங்களை நெருக்குவதும், ஆடும் கூட்டமே நுழைவுச்சீட்டு வாங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இரவு முழுவதையும் நான் கேட்கவில்லை. முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் கேட்பதற்கென ஒதுக்குங்கள். தரையில் பாய் விரித்தால் போதும், தாழ்ந்த ஒலிகள் சிதையாத ஒலிபெருக்கிகளை நீங்கள் ஏற்கெனவே வாடகைக்கு எடுக்கிறீர்கள். ஏழாவது கேள்வியை, இப்படைப்பை நின்று கேட்க வேண்டுமா, உட்கார்ந்தா, படுத்தா, ஆடிக்கொண்டா என்று மாற்றி, வரும் ஆண்டின் படிவம் வெளியாகும் முன் ஒரு முடிவு சொல்லுங்கள். பெர்ரியை அப்போது மறுபடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஜோர்ஜ்டவுன் இசையமைப்பாளர் ஒருவர்