சுண்டலைத் தூக்கிவிட்டவர்களுக்கு

நாய்க்குட்டி சுண்டல் நேற்று புது வீட்டுக்குப் போய்விட்டாள். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த நடைதான், ஆனாலும் நான்கு காலையும் ஊன்றி நடந்தே போய் வண்டியில் ஏறினாள். ஏழு வாரமாக எல்லோரும் என்னையே பாராட்டுகிறீர்கள், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் உதவியவர்களில் பாதிப்பேர் நாயைக் கண்டாலே தெருவின் அந்தப் பக்கம் போகிறவர்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஆட்டோ அண்ணனுக்கு. வேளச்சேரியில் அன்று காலை சுண்டல் விற்கிற வண்டிக்கு அடியில் அடிபட்டுக் கிடந்தவளை எப்படித் தூக்குவது என்றே தெரியாமல் நான் நேராகக் கையை வைத்துக் கடி வாங்கினேன் (வலியில் கிடக்கிற நாய் யாரையும் கடிக்கும், அவள்மேல் தப்பில்லை). நீங்கள்தான் கிழிந்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை இழுத்து வந்து, அவளை அதன்மேல் நகர்த்தி, துப்பட்டாவால் வாயைக் கட்டி, இடுப்பு அசையாமல் தூக்கினீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில், ஆட்டுக்கும் சண்டைச் சேவலுக்கும் நடுவே, என்னோடு வரிசையிலும் நின்றீர்கள்.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அறுவை வேண்டாம், ஆறு வாரம் அசையாமல் அடைத்துவைத்தால் தானாகக் கூடிவிடும் என்றார் டாக்டர். சரி, சுலபம்தான் என்று நினைத்தேன். நான்கு மாதக் குட்டியை அசையாமல் வைப்பது இருக்கிறதே!

கீழ்வீட்டு அம்மா, பேரனின் தொட்டில் கட்டிலைக் கொடுத்தபோதே "நான் கிட்ட வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். அப்புறம் ஒரே பக்கம் படுத்தால் புண் வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, நான் ஆபீஸ் போயிருக்கும் நேரமெல்லாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்ஷீட் முனையை இழுத்து அவளைப் புரட்டிப் படுக்கவைத்தது யார்? எனக்குத் தெரியும்.

அரிசிச் சாக்கில் கைப்பிடி வைத்துத் தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனுக்கு. வயிற்றுக்கடியில் அதைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால்தான் மூத்திரம் போகவே அவளால் நிற்க முடிந்தது. கோழிக்கழுத்தும் ஈரலும் தனியாக எடுத்துவைத்த கறிக்கடை பாய்க்கு. ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டருக்கு: கடித்ததும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவில்லை என்றதற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. வெறிநாய்க்கடி ஊசியை முதல் நாள், 3, 7ஆம் நாள் எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு 28ஆம் நாள் ஊசியை நான் மறந்தேவிட்டேன், நீங்கள் போன் செய்துதான் வந்தேன்.

ஓனர் சார், ஒரு வாரம் என்று கேட்டு ஏழு வாரம் ஆக்கியதற்கு மன்னிப்பு. உங்கள் செருப்பு காணாமல் போனதற்கு வாட்ச்மேனைச் சந்தேகப்பட வேண்டாம், பாதி என்னிடம் இருக்கிறது. புதுசு வாங்கித் தருகிறேன், எட்டாம் நம்பர்தானே?