பாஞ்சாலங்குறிச்சி பழைய கோட்டை மண்மேட்டை மழையிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்: கோட்டை மேட்டுக்கு அருகில் குடியிருக்கும் விவசாயி

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள்

பொருள்: பழைய கோட்டையின் மண்மேடு மழையில் கரைவது குறித்து நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இடம் தாங்கள் அறிந்ததுதான். 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டையைச் சொல்லவில்லை. கட்டபொம்மன் இருந்த பழைய கோட்டையின் அடித்தளத்தையும் மண்மேட்டையும் சொல்கிறேன்.

1. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் மேட்டின் மேலேயே இறங்குகிறது. முதல் மனு கொடுத்தபோது விரல் ஆழத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது. போன கார்த்திகையில் கையை விட்டேன், முழங்கை வரை போனது. மழை வெறித்த காலையில் அடித்தளத்துச் செங்கல் இரண்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது சேற்றில் கிடந்தது. எடுத்து வைக்கவும் பயம், விட்டுவிட்டு வரவும் மனசில்லை.

2. இது கல்கோட்டை அல்ல, ஐயா. நீளவாக்கில் சுமார் 500 அடி, அகலவாக்கில் 300 அடி, சுவர் 12 அடி உயரம், எல்லாம் மண், அகழி கிடையாது என்று எதிரியான ஆங்கிலேயக் கும்பெனிப் படையில் இருந்த அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். 1801-ல் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்ததும் இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாளில் எழுப்பினார்கள். மார்ச் 31-ல் ஏறிப் பிடிக்கப் பார்த்த கும்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. பீரங்கிக்கு முன்னால் நின்ற மண், இடித்து நிரவிய பிறகும் மிஞ்சிய மண், ஒரு வாய்க்கால் இல்லாமல் கரைந்து போகிறது.

3. மேட்டில் முளைத்த சீமைக்கருவேலை பொக்லைன் வைத்துப் பிடுங்க வேண்டாம். வேரோடு மண்ணடுக்கும் கலைந்துவிடும். வேரை விட்டுத் தரைமட்டத்தில் வெட்டினால் போதும்.

4. தண்ணீரை வெளியே திருப்ப ஒரு வாய்க்கால், அறுத்த இடத்தில் மணல் மூட்டை, சரிவில் புல். கேட்பது இவ்வளவுதான். நிதி வரட்டும் என்றார்கள். சரி என்று காத்திருந்தோம். அப்புறம், இது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். மூன்று ரசீதும் என்னிடம் இருக்கிறது, எழுத்தில் ஒரு வரி பதில் இல்லை. நாங்களே மண்வெட்டி எடுக்கலாம் என்றால் பாதுகாக்கப்பட்ட இடம், கை வைத்தால் வழக்கு. நாங்களும் தொடக்கூடாது, நீங்களும் தொடமாட்டீர்கள் என்றால் வேறு யார்தான் தொடுவது?

5. வாய்க்கால் வேண்டும், ஐயா. ஐப்பசிக்கு முன்னால் வேண்டும்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நேரில் வாருங்கள், எந்த இடம் அறுக்கிறது என்று நானே காட்டுகிறேன். வாய்க்காலுக்கு உத்தரவிடுமாறு மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)