காது மெஷின் வாங்கப் போகும் மகளுக்கு

பொன்மலை, திருச்சி

அன்புள்ள பூங்கொடிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே நாங்கள் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அம்மா சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். எனக்கு மனசு ஆறவில்லை. பேசினால் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன்.

மீட்டிங்கில் பேச்சு பிடிபடவில்லை, கிளினிக்கில் ஒரு ஜோடி மெஷினுக்கு நாலாயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள், இன்சூரன்ஸும் தராது, கடையில் விற்பதை வாங்கி நானே செட் பண்ணிக்கொள்கிறேன் என்றாய். அந்த யோசனையில் தப்பு இல்லை. 18 வயது நிரம்பியவர்கள் தங்களுக்கு லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு இருப்பதாக உணர்ந்தால் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று உங்கள் ஊரில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தருகிற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 அக்டோபரிலிருந்து அனுமதித்திருக்கிறது. நல்ல விதி. விலைக்குப் பயந்தே எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் காது கேட்காமல் காலம் தள்ளுகிறார்கள்.

தானே செட் பண்ணினால் சரியாக வராது என்று நான் சொல்லப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 64 பேரை வைத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மெஷின். பாதிப் பேர் போன் ஆப் வழியாகத் தாங்களே செட் பண்ணிக்கொண்டார்கள், மீதிப் பேருக்கு ஆடியாலஜிஸ்ட், அதாவது காதைச் சோதித்து மெஷின் பொருத்துகிற நிபுணர், செட் பண்ணிக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று: இரண்டு வாரம் ஆனதும், உதவி வேண்டும் என்றவர்களுக்கெல்லாம் அது கிடைத்தது, தாங்களே செட் பண்ணியவர்கள் உட்பட. அதற்கு முன் 2017இல் அமெரிக்காவிலேயே இண்டியானா பல்கலைக்கழகம் செய்த ஆய்விலும் கேட்கும் திறன் ஏறக்குறைய சமமாகத்தான் வந்தது. ஆனால் மெஷினை வைத்துக்கொள்வோம் என்றவர்கள், ஆடியாலஜிஸ்ட் கவனித்த கூட்டத்தில் 81 சதவீதம், தாங்களே தேர்ந்தெடுத்த கூட்டத்தில் 55 சதவீதம். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் மெஷின் டிராயருக்குள் போய்விடுகிறது.

ஏன் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். என் காது ஒர்க்‌ஷாப் சத்தத்தில் போனது. எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கும். ச, ஸ, த மாதிரி எழுத்துகளின் கூர்மை மேல்பக்கத்து ஒலியில்தான், அதாவது கீச்சென்ற ஒலியில்தான் இருக்கிறது, அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. மெஷின் அந்தக் கூர்மையைத் திருப்பிக் கொடுக்கும்போது முதலில் எரிச்சலாக இருக்கும். தட்டு வைத்தால் மண்டைக்குள் அடிக்கும், பேப்பர் கசங்கினால் கூசும். கையில் ஆப் இருந்தால் உடனே அதைக் குறைக்கத்தான் தோன்றும். குறைத்தால் சுகமாக இருக்கும், பேச்சு மட்டும் பழையபடி புரியாது. மூளை பழகச் சில வாரம் பிடிக்கும் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட எனக்கு ஒருவர் இருந்தார்.

அதே சமயம் ஆடியாலஜிஸ்ட் என்று போர்டு மாட்டிய இடமெல்லாம் ஒன்றுபோல் இல்லை. நான் முதலில் போன கடையில் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டி, "கேட்குதா சார்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது என்னைப் பார்க்கிற ஆடியாலஜிஸ்ட் மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, மெஷினையும் மாட்டி, பேச்சொலியை ஓடவிட்டு, செவிப்பறைப் பக்கம் நிஜமாக எவ்வளவு வந்து சேர்கிறது என்று திரையில் பார்த்துத்தான் திருத்தினார். ரியல் இயர் மெஷர்மெண்ட் என்று பெயர். ஆளுக்கு ஆள் காதுத் துவாரம் வேறு, அதனால் ஒரே செட்டிங் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு அளவாக விழும். ஃபிட்டராக இருந்த எனக்கு அதைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிட்டது. பேரிங் மாட்டிய பிறகு கேஜ் வைத்துப் பார்க்காமல் நாங்கள் வண்டியை வெளியே விட்டதில்லை. நாலாயிரம் டாலர் கேட்கிற கிளினிக் இந்த அளவை எடுக்காது என்றால் அந்தப் பணத்தைக் கொடுக்காதே.

சரி, என் மனசை உறுத்துவது இதுதான். பேச்சோடு பேச்சாக, "இடது காதுதான் கொஞ்சம் கூட மந்தம், அதில் லேசாக இரைச்சலும் இருக்கு" என்றாய். வயதாவதால் குறைந்தாலும் சத்தத்தால் கெட்டாலும் பெரும்பாலும் இரண்டு காதும் ஒன்றுபோலத்தான் போகும். ஒரு பக்கம் மட்டும் கூடக் குறைந்தால், அல்லது ஒரு காதில் மட்டும் இரைந்தால், முதலில் டாக்டரைப் பார் என்று நீ வாங்கப் போகிற பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். வெறும் குறும்பி அடைத்திருக்கலாம். உன் வயதுப் பெண்களுக்கு வருகிற ஓட்டோஸ்கிளீரோசிஸாக இருக்கலாம், நடுக்காது எலும்பு இறுகிப்போவது, அதற்கு ஆபரேஷன் உண்டு. அபூர்வமாகக் காது நரம்பில் கட்டியாகவும் இருக்கும், புற்றுநோய் இல்லை, ஆனாலும் சீக்கிரம் தெரிய வேண்டும். மாப்பிள்ளை தன்னுடைய ஆப்பிள் இயர்போனான ஏர்பாட்ஸ் ப்ரோவிலேயே காது டெஸ்ட் இருக்கிறது என்றார். அதைக் காது மெஷினாக்குகிற சாஃப்ட்வேருக்கு 2024 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, தெரியும். எடுத்துப் பார், இரண்டு காதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டும். ஆனால் காதின் பின்னெலும்பில் அதிர்வு வைத்துச் சோதிப்பதும், உள்ளே எட்டிப் பார்ப்பதும் அதனால் முடியாது. தானே செட் பண்ணுகிற எந்த மெஷினாலும் முடியாது.

அதனால் முதலில் இ.என்.டி. டாக்டரிடம் போ. ஆடியோகிராம் எடு, பிரதியைக் கேட்டு வாங்கு. மெஷின் அங்கேயே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, குறைபாடும் லேசானதுதான் என்று சொல்லிவிட்டால் கடையில் வாங்கியதை நீயே செட் பண்ணிக்கொள். ஏர்பாட்ஸ் மாதிரி சிலவற்றில் அந்த ஆடியோகிராமையே ஏற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது பெட்டியில் திருப்பிக் கொடுக்கும் விதி என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பார். முதல் வாரம் கூசினாலும் மேல்பக்கத்துச் சத்தத்தைக் குறைக்காதே. நடுத்தரத்துக்கு மேலே என்றால் கடை மெஷின் போதாது. அளந்து மாட்டுகிற கிளினிக்காகத் தேடு, பணத்துக்கு நானும் ஒரு கை கொடுக்கிறேன்.

இதற்கிடையில் திடீரென்று ஒரு காது அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. மருந்து தொடங்கத் தாமதிக்கக் கூடாது.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எந்தத் தேதி என்று இந்த வாரமே சொல். ஆடியோகிராம் வந்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடு, எனக்கு இப்போது அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியும்.

அன்புடன்,
அப்பா