ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஆலிஸ் கதை உங்கள் வீட்டுக்கு வருகிறது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பின் நூலகப் பாடவேளையில் 'அற்புத உலகில் ஆலிஸ்' நாவலைத் தமிழில் வாசித்து வருகிறோம். காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில், முயல் சட்டைப்பையிலிருந்து கடிகாரம் எடுத்துப் பார்க்கும் கதை எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே இந்தக் கடிதம்.

இதை எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். 1862 ஜூலை 4 அன்று மூன்று சிறுமிகளுடன் படகில் போனபோது வாய்க்கு வந்தபடி சொல்லத் தொடங்கிய கதை, 1865இல் புத்தகமானது. கணக்கு வாத்தியாரின் கை உள்ளே நன்றாகவே தெரிகிறது. தேநீர் விருந்தில் "இன்னும் கொஞ்சம் குடி" என்று ஆலிஸை உபசரிக்கிறார்கள். அவளோ இதுவரை ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஒன்றுமில்லாததைவிடக் கூடுதலாகக் குடிப்பது சுலபம், குறைவாகக் குடிப்பதுதான் முடியாது என்கிறார் தொப்பிக்காரர். இதை வாசித்ததும், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன் எழுந்துபோய்க் கரும்பலகையில் பூஜ்யம் போட்டான். அதற்கு இடப்பக்கம் கோடு நீட்டி, "இங்கேயும் எண்கள் இருக்கின்றனவே, குறைவாகவும் குடிக்கலாம்" என்றான். "அப்படியென்றால் வயிற்றிலிருந்து திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு மாணவி மடக்கினாள். பூஜ்யத்துக்கும் கீழே உள்ள எண்களின் பாடத்தை நாங்கள் இன்னும் நடத்தவேயில்லை! இப்படி ஒரு வாதத்தை எந்தப் பயிற்சித் தாளாலும் வரவழைக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

அரசி எதற்கெடுத்தாலும் "தலையை வெட்டு" என்று கத்துவது சிலருக்கு உறுத்தியிருக்கிறது. கவலை வேண்டாம், கதை முடியும்வரை ஒருவர் தலையும் போவதில்லை.

நம் மதுரைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அந்நியமும் இல்லை. நரி பரியானதையும், அந்தப் பரிகள் இரவோடு இரவாக மறுபடி நரிகளானதையும் ஆவணி மூலத் திருவிழாவிலும், கல்யானை கரும்பு தின்றதைத் தைப்பொங்கலன்றும் கண்டு வளர்கிறவர்கள் அவர்கள். அது சொக்கநாதரின் திருவிளையாடல், இது ஒரு மனிதரின் கற்பனை, இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் வியந்து கேட்கும் காது நம் வீட்டில் பழகியதுதான்.

வெள்ளிக்கிழமை புத்தகம் உங்கள் வீட்டுக்கு வரும். இரவில் சிறிது நேரம் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லி, தாத்தா பாட்டியையும் அருகில் உட்கார வையுங்கள். "இதில் என்ன நீதி?" என்று மட்டும் கேட்காதீர்கள். கதையிலேயே ஒரு சீமாட்டி, தன் கூரான தாடையை ஆலிஸின் தோளில் அழுத்திக்கொண்டே, எதைக் கண்டாலும் அதற்கொரு நீதி சொல்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது.

தேர்வு முடிந்ததும், புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு வகுப்பை அழைத்துச் செல்ல இருக்கிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுப் புத்தகத்தோடு திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். பக்கம் ஏதும் கிழிந்திருந்தால் பிள்ளையைத் திட்ட வேண்டாம், இங்கே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்